கூப்பிட்டால் வரும் இரும்பு

ஆயுத பூஜை லீவு முடிந்து, உடைத்த பூசணிக்காயின் தோல் இன்னும் கேட்டுக்கு வெளியே காய்ந்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கோயமுத்தூருக்கு வடக்கே மோட்டார் பம்புகளுக்கு உடம்பு வார்க்கிற எங்கள் பவுண்டரியில், இரும்பு உலையை விட்டு இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. உலையில் குறை ஒன்றுமில்லை. கரண்டு இருந்தது, சூடு இருக்கவேண்டிய அளவுக்கு இருந்தது, அரை டன் இரும்பும் உருகிக் கண் கூசுகிற மஞ்சளில் தளதளவென்று இருந்தது; ஆனால் ஊற்றுவதற்காக உலையைச் சாய்த்தபோது, சொம்பைக் கவிழ்த்தும் தண்ணீர் சொம்புக்குள்ளேயே நின்றால் எப்படி இருக்கும், அப்படி நின்றது. உலை மேஸ்திரி ஆறுச்சாமி அண்ணன் இருபத்தாறு வருஷமாக இரும்பு ஊற்றுகிறவர். நீலக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார், கம்பியால் கிண்டினார், கெட்ட வார்த்தையில் வைதார், பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டார், கடைசியில் வேறு வழி தெரியாமல், மேய்ச்சலில் இருந்து திரும்பாத எருமையைக் கூப்பிடுகிற குரலில், "இரும்பே, வா சாமி, நேரமாச்சு" என்றார். உடனே வந்தது.

ஆச்சரியப்பட எங்களுக்கு நேரம் இல்லை. அச்சுகள் வரிசையாகக் காத்திருந்தன, டீ ஆறிக்கொண்டிருந்தது, அன்றைக்கு இன்னும் நான்கு உலை இரும்பு ஊற்ற வேண்டியிருந்தது. இரண்டாவது உலைக்கு ஆறுச்சாமி அண்ணன் தானாகவே "இரும்பே, வா சாமி" என்றார், அது பாதி அசைந்து நின்றது. அந்த உலையில் நெல்லூர்ப் பக்கம் இருந்து வந்த பழைய இரும்பும் கலந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, எலக்ட்ரீசியன் சுப்பராயுடு கையில் டெஸ்டரோடு வந்து நின்று, கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு, "இனுமு" என்று சொல்ல, மீதிப் பாதியும் வந்தது. மூன்றாவது உலைக்கு லேத்தில் வேலை செய்யும் சாமராஜநகர்க்காரர் வந்து "கப்பிணா" என்றார். நான்காவதில் ரயில் தண்டவாளத் துண்டுகள் இருந்ததால், பீகாரில் இருந்து வந்து மண் அள்ளுகிறவர் வாயில் அடக்கியிருந்த பாக்கைத் துப்பிவிட்டு "லோஹா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மண் அள்ளப் போனார். அந்த வாரம் முடிவதற்குள் இரும்பு என்ன கேட்கிறது என்பது எங்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எந்த ஊர் மண்ணில் புழங்கியதோ அந்த ஊர்ப் பெயரால் கூப்பிட்டால்தான் அது இறங்கும், கூப்பிடுகிற ஆள் அந்தப் பெயரைத் தன் தாயின் வாயில் இருந்து கேட்டவராக இருக்க வேண்டும், அரை டன்னில் ஒரே ஒரு துண்டைக் கூப்பிடாமல் விட்டுவிட்டாலும் மற்றதெல்லாம் அதற்காகக் காத்து நிற்கும். ஹிந்திப் பரீட்சை எல்லாம் எழுதிப் பாஸான எங்கள் இன்ஜினியர் எவ்வளவோ சுத்தமாக "லோஹா" என்று சொல்லிப் பார்த்தார், அது அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதன் பிறகு எல்லாம் பழக்கமாகிவிட்டது. ஆபீசுக்கு வெளியே ஒரு கரும்பலகை மாட்டி, எந்த மொழி, எந்தப் பெயர், கூப்பிட யார் என்று எழுதி வைத்தார்கள். பழைய இரும்பு கொண்டுவரும் லாரிக்காரர்கள் சீட்டில் எடையோடு மொழியையும் எழுதித் தர ஆரம்பித்தார்கள், எழுதாத சீட்டை கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். பரிசோதனை அறையில் கார்பன், சிலிக்கான் என்று அச்சடித்த தாளில் மொழிக்கு ஒரு கோடு கூடுதலாக விழுந்தது. வாட்ச்மேன் பகதூர் நேபாளத்துக்காரர், பதினெட்டு வருஷம் கேட்டைத் திறந்து மூடியதைத் தவிர வேறொன்றும் செய்யாதவர், "ஃபலாம்" என்று அவர் சொன்னால்தான் இறங்குவேன் என்று ஒரு உலை அடம்பிடித்த நாளில் இருந்து நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். ஒரு ஜெர்மன் மெஷினை உடைத்துப் போட்ட அன்றைக்கு, முதலாளி அந்த ஊர்க் கம்பெனிப் பெரியவர் ஒருவரைப் போனில் பிடித்து, போனை உலையின் வாயருகே காட்ட, அவர் அங்கிருந்து "ஐசன்" என்றார், அதற்கும் இறங்கியது. பிள்ளையார் கோயில் குருக்கள் ஒருநாள் தானாகவே வந்து, சமஸ்கிருதத்தில் "அயஸ்" என்று நல்ல கணீர்க் குரலில் கூப்பிட்டுப் பார்த்தார், எந்த உலையிலும் ஒரு துளி அசையவில்லை. அதை அம்மாவின் வாயில் கேட்டு வளர்ந்தவர் யாரும் இல்லையே என்று அவரே சொல்லிவிட்டு, கொஞ்சம் முகம் வாடித் திரும்பிப் போனார்.

இதையெல்லாம் நான் கோர் ஷெட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயர் ரத்தினா. கோர் என்பது மணலையும் பிசினையும் கலந்து கெட்டிப்படுத்திச் செய்யும் பொம்மை. அதை அச்சுக்கு நடுவில் வைத்துவிட்டுச் சுற்றிலும் இரும்பை ஊற்றுவார்கள், ஆறிய பிறகு மணலைத் தட்டிக் கொட்டினால், தண்ணீர் ஓடுவதற்கான வெற்றிடம் பம்பின் வயிற்றுக்குள் இருக்கும். சுருக்கமாகச் சொன்னால் இரும்பு இருக்கக் கூடாத இடத்தைச் செய்வதுதான் எங்கள் வேலை. அந்த வேலையைப் பெண்கள்தான் செய்கிறோம், கை மெதுவாக இருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு எதிர்ப்பலகையில் இரண்டு வருஷம் உட்கார்ந்து வேலை செய்தவள் சுக்மதி.

அவளும் அவள் வீட்டுக்காரர் எத்வாவும் ஜார்க்கண்டில் இருந்து ஒரு காண்ட்ராக்டர் மூலமாக வந்தவர்கள். நான் பிளஸ் டூ படித்தவள் என்பதால் புதிதாக வருகிறவர்களின் விண்ணப்பப் பாரத்தை என்னிடம்தான் நிரப்பச் சொல்வார்கள். அவர்களுடைய பாரத்தில் மொழி என்ற இடத்துக்கு வந்தபோது எத்வா ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் அதற்குள் ஹிந்தி என்று எழுதி முடித்திருந்தேன். வடக்கே இருந்து வருகிறவர்கள் வேறு என்ன பேசுவார்கள். எழுதியதை அவர் ஒரு நிமிஷம் பார்த்தார், பிறகு சரி என்று தலையாட்டினார். அதில் இருந்து பவுண்டரி முழுக்க அவர்கள் ஹிந்திக்காரர்கள் ஆனார்கள், சுக்மதி ஹிந்திக்காரியானாள். அவள் ஆறே மாதத்தில் எங்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டாள், போங்க்கா, வாங்க்கா என்று என்னிடமே கிண்டலடித்தாள். அவள் பேச்சில் ஒரு வார்த்தையைக்கூட நான் கற்றுக்கொள்ளவில்லை. கேட்டதும் இல்லை.

எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து அந்த மாசி மாதம் கவின் பிறந்தான். அதே மாதம் பத்து நாள் தள்ளி சுக்மதிக்குப் பெண் பிறந்தது, பாஹா என்று பெயர் வைத்தாள், அவர்கள் பேச்சில் பூ என்று அர்த்தமாம். மூன்று மாதம் கழித்து இரண்டு பேரும் வேலைக்குத் திரும்பியபோது, ஷெட்டுக்குப் பின்னால் ஒரே உத்தரத்தில் இரண்டு தூளி கட்டினோம். பாஹா தூங்குவாள், சிரிப்பாள், மறுபடியும் தூங்குவாள். கவின் பொழுது சாய்ந்தால் திடுக்கிட்டு விழித்து, உடம்பை வில்லாக வளைத்து, மூச்சு நிற்கிற மாதிரி அழுவான். பார்க்காத டாக்டர் இல்லை, மந்திரிக்காத மசூதி இல்லை. பதினோரு வருஷம் காத்துப் பெற்றவளுக்குக் குழந்தை தும்மினாலே உயிர் போய்விடும், எனக்கு ஒவ்வொரு சாயங்காலமும் போனது.

பாஹாவின் தூளிக்குள் தலைமாட்டில் ஒரு இரும்பு இருந்தது. விரல் நீளத்தில் ஒரு அம்பு முனை, தேய்ந்து கறுத்து, அடியில் ஒரு ஓட்டை, ஓட்டையில் சிவப்பு நூல். சுக்மதியின் அம்மாவுக்கு அவளுடைய அம்மா கொடுத்தது, சுக்மதி தூங்கிய தூளியிலும் அதுதான் இருந்ததாம். அதொன்றும் எனக்குப் புதிதில்லை. பச்சைக் குழந்தை பக்கத்தில் இரும்பு வைப்பது எங்கள் பக்கத்திலும் உண்டு, கவின் தலைமாட்டில் நானும் ஒரு பாக்குவெட்டி வைத்திருந்தேன். ஒரு நாள் டீ நேரத்தில் அவள் அந்த அம்பு முனையைக் கையில் எடுத்து, தன் பேச்சில் அதன் பெயரைச் சொன்னாள், உங்கள் பேச்சில் இரும்பு, எங்கள் பேச்சில் இப்படி என்று. நான் வடையைப் பிட்டுக்கொண்டே தலையாட்டினேன். என் கண் அந்த இரும்பின் மேல்தான் இருந்தது, காது அங்கே இல்லை. என் பாக்குவெட்டி கடையில் வாங்கியது, நேற்று வந்தது, அதற்கு யாரைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை, காண்ட்ராக்டர் திடீரென்று வந்து அவருடைய ஆட்கள் எல்லோரும் மதியத்துக்குள் ரூமைக் காலி செய்ய வேண்டும் என்றார். மூட்டை கட்ட நானும் உதவிக்குப் போனேன். தூளித் துணியை உதறியபோது அம்பு முனை தரையில் விழுந்தது, சுக்மதி பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள், அவள் பார்க்கவில்லை. நான் ஒரு அடி முன்னால் வைத்து அதன் மேல் நின்றேன். அவ்வளவுதான் செய்தேன். என் பாதத்துக்கு அடியில் அது குத்தியது, நான் புடவையைச் சரிசெய்துகொண்டே நின்றேன், அவள் குழந்தையை இடுப்பில் வைத்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோதும் நகராமல் அங்கேயே நின்று அழுதேன். அழுதது பொய்யில்லை. வேன் கிளம்பிய பிறகு குனிந்து எடுத்தேன்.

அதைவிடக் கேவலம் ஒன்று சொல்கிறேன். சனிக்கிழமை இரும்பை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பார்கள். அடுத்தவள் குழந்தையின் தலைமாட்டில் இருந்து திருடியவள், அந்தக் கிழமைக்குப் பயந்து, அதை ஸ்கூட்டர் பெட்டிக்குள்ளேயே பூட்டி வைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் எடுத்துப்போனேன். அன்று சாயங்காலம் கவின் அழவில்லை. மறுநாளும் அழவில்லை. அதற்கப்புறம் அவன் அந்த மாதிரி அழவே இல்லை.

பத்து நாள் கழித்து சுக்மதி போன் செய்தாள். ஊர் போய்ச் சேர்ந்த கதையெல்லாம் சொல்லிவிட்டு, அக்கா, என் இரும்பை எங்கேயாவது பார்த்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். புரட்டாசியில் மறுபடியும் கேட்டாள், ரூமில் தேடிப் பார்த்தேன், இல்லை என்றேன். மூன்றாவது தடவை அவள் கூப்பிட்டது ஆயுத பூஜை முடிந்த பிறகு, இங்கே இரும்பு பெயர் கேட்க ஆரம்பித்திருந்த சமயத்தில். பாஹாவுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல், ஆஸ்பத்திரி தூரம், அம்மா அந்த இரும்பு எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றாள். கூரியரில் போட்டால் ஐந்தாறு நாளில் போயிருக்கும். ஆனால் போட வேண்டும் என்றால் என்னிடம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும், இரண்டு தடவை இல்லை என்று சொன்ன வாயால் எப்படிச் சொல்வது. அதோடு என் மனசுக்குள் ஒரு மூலையில், அதைக் கொடுத்துவிட்டால் கவின் மறுபடியும் அழுவானோ என்றும் இருந்தது. கிடைக்கவில்லை சுக்மதி என்றேன். அவள் நான்காவது தடவை கூப்பிட்டபோது போன் என் கையில்தான் இருந்தது, நான் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த அம்பு முனையை என்னால் பார்க்க முடியவில்லை. பொருளே இல்லையென்றால் பொய்யும் இல்லை என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டு, கார்த்திகை பிறந்த வாரத்தில் அதை மடியில் செருகிக் கொண்டுபோய், பழைய இரும்புக் குவியலில் எறிந்தேன். லோஹா என்று கூப்பிட்டால் எல்லாவற்றோடும் சேர்ந்து இதுவும் இறங்கிப் போய்விடும் என்று நினைத்தேன். பாரத்தில் ஹிந்தி என்று எழுதியவள் நான்தான், நான் எழுதியதை நானே நம்பியிருந்தேன்.

மறுநாள் காலை இரண்டாவது உலை நின்றது. கரும்பலகையில் இருந்த எல்லோரும் வரிசையாக வந்து கூப்பிட்டார்கள். ஆறுச்சாமி அண்ணன், சுப்பராயுடு, லேத்துக்காரர், பீகார்க்காரர், பகதூர், ஒடிசாவில் இருந்து வந்து அச்சு போடுகிற இரண்டு பேர், டீக்கடை பாலக்காட்டுக்காரர், போனில் ஜெர்மனிப் பெரியவர். ஒன்றும் நடக்கவில்லை. ஊற்றாமல் விட்டால் இரும்பு உலைக்குள்ளேயே உறைந்துபோகும், உறைந்தால் உலை வெடித்துவிடும், எங்கள் முதலாளிக்கு இன்னொரு உலை வாங்கும் சக்தி இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். கரண்டை நிறுத்தாமல் மூன்று நாள் அதை உருகிய நிலையிலேயே வைத்திருந்தார்கள். அந்த மூன்று நாளும் பவுண்டரி வாசலில் தேர்த்திருவிழாக் கூட்டம். ஊட்டியில் ஸ்வெட்டர் விற்கிற திபெத்துக்காரர்கள் வந்தார்கள், ராஜஸ்தான் மார்பிள் கடைக்காரர் குடும்பத்தோடு வந்தார், மலையில் இருந்து இருளர் வந்தார்கள், தோடர் வந்தார்கள், சௌராஷ்டிரா பேசும் ஒரு ஜவுளிக்கடை அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து கூப்பிட்டார். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு வார்த்தையை உலையின் வாயில் சொல்லிவிட்டு, அது அசையாததைப் பார்த்துவிட்டு, தங்களால் ஆகவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டு போனார்கள். அறுபத்து மூன்று பேர் வேலை போய்விடும் என்று கோர் ஷெட்டில் பெண்கள் அழுதார்கள். நான் மணலைக் குழைத்துக்கொண்டே இருந்தேன்.

எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. பீகார்க்காரர் லோஹா என்று சொல்லி அது இறங்காதபோதே, சுக்மதியும் எத்வாவும் தங்களுக்குள் பேசிக்கொண்ட பேச்சு காதில் வந்தது, அது பீகார்க்காரரிடம் அவர்கள் பேசிய பேச்சு இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருஷம் எதிரே உட்கார்ந்து கேட்ட குரல். அவள் சொன்ன அந்தப் பெயரை ஞாபகப்படுத்திப் பார்த்தேன், வடையின் ருசி ஞாபகம் இருந்தது, பெயர் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், அடிப்பக்கம் கருக்க ஆரம்பித்துவிட்டது, இன்னும் ரெண்டு மணி நேரம்தான் என்று ஆறுச்சாமி அண்ணன் வந்து முதலாளியிடம் சொன்னதைக் கேட்டு, நான் கையைக்கூடக் கழுவாமல் உலைப் பக்கம் போனேன். எல்லோரும் இருந்தார்கள். நான் சுக்மதியைப் போனில் கூப்பிட்டேன், அவள் முதல் மணியிலேயே எடுத்தாள். சுற்றி நின்றவர்கள் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"சுக்மதி, உன்ற இரும்பு எங்கிட்டத்தான் இருந்துச்சு. நாந்தான் எடுத்தேன்."

அந்தப் பக்கம் ஒரு கோழி கத்துவது மட்டும் கேட்டது. இந்தப் பக்கம் அறுபது பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஆறுச்சாமி அண்ணன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எங்கே அக்கா இருக்கு?"

"உலைக்குள்ள கெடக்குது. உள்ள மாட்டிக்கிட்டு வெளிய வரமாட்டீங்குது. அதனால எல்லாமே நிக்குது. நீ கூப்பிட்டாத்தான் வரும்."

அவள் அதன் பக்கத்தில் போனைக் கொண்டுபோங்கள் என்றாள். ஆறுச்சாமி அண்ணன் என் கையில் இருந்து போனை வாங்கி, நீளக் கம்பியில் கட்டி, உலையின் வாயருகே நீட்டினார். அவள் கூப்பிட்டாள். வேலைக்குக் கூப்பிடுகிற மாதிரி இல்லை, விளையாடப் போன பிள்ளையை இருட்டுவதற்குள் வா என்று கூப்பிடுகிற மாதிரி, அவசரமில்லாமல், மூன்று தடவை.

"மெடெத். மெடெத். மெடெத்."

இரும்பு எழுந்து வந்தது. உலையை முழுதாகச் சாய்ப்பதற்கு முன்னாலேயே வந்தது, ஒரு துளி மிச்சமில்லாமல், ஒரு பொறி சிதறாமல், குரல் வந்த பக்கம் பார்த்து வந்தது. ஆட்கள் கைதட்டினார்கள், முதலாளி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். போன் சூட்டில் அணைந்துபோயிருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொருவராக விலகி அவரவர் வேலைக்குப் போனார்கள், நான் நின்ற இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் அச்சுகளை உடைத்தபோது எல்லாப் பம்புகளும் நன்றாக விழுந்திருந்தன. இரும்பு அச்சுக்குள் ஓடுவதற்கு மணலில் ஒரு வாய்க்கால் போல வெட்டி வைப்பார்கள், அதில் தங்கி ஆறும் இரும்பைத் தட்டி எடுத்து மறுபடியும் உலையில் போடுவது வழக்கம். ஏழாவது அச்சின் வாய்க்காலைத் தட்டியபோது, விரல் நீளத்தில், தேய்ந்து கறுத்து, அடியில் ஓட்டையோடு அந்த அம்பு முனை தனியாக விழுந்தது. நூல் மட்டும் இல்லை. ஆறுச்சாமி அண்ணன் அதை ஒரு தகட்டில் வைத்துக்கொண்டு வந்து என் பலகையின் மேல் வைத்துவிட்டு உலைப் பக்கம் போனார்.

வேறு ஒருத்தியின் போனை வாங்கி சுக்மதியைக் கூப்பிட்டேன். இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன், இல்லை, நானே ரயிலேறிக் கொண்டுவந்து தருகிறேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

"வேண்டாம் அக்கா. இங்கே இப்ப அதை வைக்க ஆள் இல்லை."

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்த பிறகு, எப்போது என்று கேட்டேன். ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் என்றாள். காய்ச்சல் இறங்கவே இல்லை, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிற வழியில் என்றாள். சொல்லத்தான் அன்றைக்குக் கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை என்றாள். அதில் கோபம் இல்லை, நடந்ததைச் சொல்கிற குரல்தான், அது கோபமாக இருந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன். நேற்று இவ்வளவையும் மனசில் வைத்துக்கொண்டா எங்களுக்காகக் கூப்பிட்டாய் என்று கேட்டேன்.

"உங்களுக்காக இல்லை அக்கா. அது எங்க அம்மாவோடது. உள்ளே மாட்டிக்கிட்டு இருக்குன்னு சொன்னீங்க. அது என்ன தப்புப் பண்ணுச்சு?"

பிறகு, கவின் எப்படி இருக்கிறான் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் சொன்னேன். அப்படியானால் அவன் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அதன் பிறகு அந்த நம்பருக்கு மணி போகவில்லை. தை மாதம் நானே போய்ப் பார்த்துவிடலாம் என்று காண்ட்ராக்டரிடம் ஊர்ப் பெயர் கேட்டேன், அவரும் அவர்கள் பெயருக்கு நேரே ஹிந்தி என்று மட்டும்தான் எழுதி வைத்திருந்தார், ஊரை எழுதவில்லை.

ஆபீஸில் அந்தப் பழைய பாரத்தைத் தேடி எடுத்து ஹிந்தி என்பதை அடித்தேன். அங்கே என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அவர்கள் பேச்சின் பெயரை நான் கேட்டதே இல்லை. இன்ஜினியர் எங்கெங்கோ விசாரித்து, முண்டாரி என்று ஒன்று இருக்கிறது, அதாக இருக்கும் என்றார். எழுதினேன். எழுதியதால் ஒன்றும் ஆகிவிடவில்லை, அவர்கள் கிளம்பிப் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்தப் பொங்கலோடு இரும்பு பெயர் கேட்பதும் நின்றுபோனது. உலையைச் சாய்த்தால் பழையபடி வந்தது. ஆறுச்சாமி அண்ணன் மட்டும் பழக்கத்தை விடாமல் இன்னும் "வா சாமி" என்கிறார், பகதூர் கேட்டில் உட்கார்ந்தபடி தன் முறை வருமா என்று உலைப் பக்கம் பார்ப்பார். கரும்பலகையில் வேறு யாரோ இப்போது டீ கணக்கு எழுதுகிறார்கள்.

அம்பு முனையைக் கவினின் தலைமாட்டில் வைக்க எனக்குக் கை வரவில்லை. தூக்கிப் போடவும் முடியாது, ஒருமுறை போட்டுப் பார்த்தாகிவிட்டது. டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் ஒரு துணியின் மேல் வைத்திருக்கிறேன். தினமும் வேலை முடிந்து வந்து, கவினை மடியில் போட்டுக்கொண்டு அதற்கு எதிரே உட்கார்ந்து, மெடெத் என்று கூப்பிடுவேன். சுக்மதி கூப்பிட்ட மாதிரியே மூன்று தடவை, அவசரமில்லாமல். அது அசையாது. என் அம்மா எனக்கு இரும்பு என்றுதான் சொல்லிக் கொடுத்தாள், என் வாயில் அந்தப் பெயர் எவ்வளவு சரியாக வந்தாலும் அதற்கு அது வெறும் சத்தம். அது தெரிந்தும் கூப்பிடுவேன், வேறு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

போன வைகாசியில் ஒரு சாயங்காலம், நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் திரும்பியபோது, கவின் தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் இன்னும் அம்மா என்றுகூடத் திருத்தமாகச் சொல்ல ஆரம்பிக்கவில்லை. டிவி ஸ்டாண்டைப் பார்த்துக் கையை நீட்டி, எச்சில் ஒழுக, தெளிவாக, "மெடெத்" என்றான். கீழ்த்தட்டில் இருந்து அந்த இரும்பு துணியோடு நழுவித் தரையில் விழுந்தது, சிமெண்டுத் தரையில் சின்னதாகக் கோடு கீறிக்கொண்டு நகர்ந்து வந்து, அவன் உள்ளங்கையில் ஏறி நின்றது. மாதக்கணக்காக நான் கூப்பிட்டு எனக்கு வராதது. அவன் அந்தப் பெயரைத் தன் தாயின் வாயில் இருந்துதான் கேட்டிருந்தான்.

பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, நான் அசையவில்லை. அவன் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். இப்போது எங்கே தூங்கினாலும் அது அவன் கைக்கு வந்துவிடுகிறது, நான் பிடுங்கிப் பார்ப்பதில்லை. நாளுக்கு நாள் புதுப் புது வார்த்தையாகப் பேசுகிறான், கண்ணில் பட்டதையெல்லாம் காட்டி இது யாருது, அது யாருது என்று கேட்க ஆரம்பித்திருக்கிறான். இன்னும் அதைக் காட்டிக் கேட்கவில்லை.